உறவினர் போரும் காண்போர் உள்ளமும்

ஒரு நாட்டின்மேல் மற்றொரு நாடு படையெடுத்து வருங்கால் நிகழும் போரை வரலாறு எளிதில் எழுதிவிடும். வென்றவன் வேறு, தோற்றவன் வேறு. வெற்றி முழக்கம் ஓர் ஊரில், அழுகுரல் மற்றோர் ஊரில். ஒரே குடியிற் பிறந்தோர் இரு பிரிவாகி மோதிக்கொள்ளும் போரோ அத்தகையதன்று. வென்றவன் வீட்டிலும் இழவு. தோற்றவன் வீட்டிலும் இழவு. இரண்டும் ஒரே வீடு. ஆதலால்தான் உள்நாட்டுப் போரின் கதைகளை மக்கள் நூற்றாண்டுகள் கடந்தும் மறப்பதில்லை.

நம் பாரத நாட்டில் அத்தகைய கதைகளுக்கெல்லாம் தாயாக விளங்குவது மகாபாரதம். அதனை நடந்த வரலாறு எனக் கொள்வாரும் உளர்; காவியம் எனக் கொள்வாரும் உளர். 'இவ்வாறு நிகழ்ந்தது' என்னும் பொருள்படும் 'இதிகாசம்' என்ற பெயர் இரு சாராருக்கும் இடம் தருகிறது. அப்போர் நடந்ததா என்னும் ஆராய்ச்சியை அறிஞர்க்கு விட்டுவிடுவோம். அப்போரைக் கேட்டோரும் கண்டோரும் காலந்தோறும் என்ன கருதினர், தொலைக்காட்சி வழியே அதனைக் கண்ட நம் காலத்து மக்கள் என்ன கருதினர், இவற்றினிடையே தமிழ் மரபு நமக்குக் காட்டும் நெறி யாது என்பனவற்றையே ஈண்டு நாம் காணப் புகுகின்றோம்.

ஞாயிறு காலைகள்

தூர்தர்ஷன் 1987 சனவரி 25 முதல் 1988 சூலை 31 வரை இராமானந்த சாகரின் இராமாயணத்தை ஒளிபரப்பியது. அதனையடுத்து பி. ஆர். சோப்ரா தயாரிப்பில் மகாபாரதத் தொடர் 1988 அக்டோபர் 2ஆம் நாள், அண்ணல் காந்தியின் பிறந்தநாளன்று, தொடங்கியது. ரவி சோப்ராவும் தந்தையுடன் இயக்கப் பொறுப்பை ஏற்றிருந்தார். 94 பகுதிகளாக விரிந்து 1990 சூன் 24 அன்று அது நிறைவுற்றது. ஏறத்தாழ இருபத்தொரு திங்கள் ஞாயிறு காலை என்றால் மகாபாரதம் என்றே ஆயிற்று. அந்நேரத்தில் பெருநகரங்களின் தெருக்கள் வெறிச்சோடின. தொலைக்காட்சிப் பெட்டி இல்லாத வீட்டார் உள்ள வீட்டுக்குச் சென்று கூடத்தில் அமர்ந்தனர்.

தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாழ்ந்த நம் தமிழ்க் குடும்பங்கள் இத்தொடரைக் கண்ட முறை தனித்தன்மை உடையது. தாத்தாவும் பாட்டியும் வில்லிபாரதத்தையும் கூத்தையும் நினைவிற் கொண்டு பார்த்தனர். பேரக்குழந்தைகளோ இந்தி உரையாடலைக் கொண்டு பார்த்தனர். பாட்டி 'தருமன்' என்பாள். பேரன் 'யுதிஷ்டிர்' என்பான். பாட்டிக்குப் 'பாஞ்சாலி', பேத்திக்குத் 'திரௌபதி'. பெயர்கள் வேறுபட்டாலும் இரு தலைமுறையும் ஒரே வினாவில் வந்து நின்றன: 'இத்தனை பெரியவர்கள் இருந்தும் இப்போரை ஏன் ஒருவரும் தடுக்கவில்லை?'

இத்தொடருக்கு உரையாடல் எழுதியவர் டாக்டர் ராஹி மாசூம் ரசா. உத்தரப் பிரதேசத்துக் காசிப்பூர் மாவட்டத்தில் கங்கௌலி என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர். இஸ்லாமியர் ஒருவர் மகாபாரதம் எழுதுவதா எனச் சிலர் எதிர்ப்புக் கடிதங்கள் எழுதினர் என்றும், தாமும் கங்கையின் மைந்தரே என்று அவர் விடையிறுத்தார் என்றும் கூறுவர். 1966இல் வெளிவந்த அவரது 'ஆதா காவ்' என்னும் புதினத்தின் பெயருக்குப் 'பாதி ஊர்' என்பது பொருள். மொகரம் நாள்களில் ஊரே கூடி அழும் ஒரு சிற்றூர், நாட்டுப் பிரிவினையால் உள்ளம் பிளந்துபோன வரலாறு அது. உறவு பிளப்பதை அருகிருந்து கண்ட கையே கௌரவர் பாண்டவர் உரையாடலையும் எழுதிற்று. அத்தொடரில் கதை சொல்பவன் முனிவனும் அல்லன், சூதனும் அல்லன், 'காலம்' என்னும் குரலே கதை சொல்கிறது. காலத்துக்குப் பாண்டவரும் மைந்தர், கௌரவரும் மைந்தர். இரு தரப்பையும் ஒருங்கே காணும் ஒரு கண்ணை ரசா தம் தொடருக்கு அமைத்துக் கொண்டார் என்றே நாம் கருதுகிறோம்.

முதற் பார்வையாளன்

மகாபாரதப் போரின் முதற் பார்வையாளன் யார்? கண்ணில்லாத திருதராட்டிரனே. போர் தொடங்குமுன் வியாசர் அவனுக்குக் கண்ணொளி தர முன்வருகிறார். உற்றார் மடிவதைக் காண விரும்பவில்லை என்று அவன் மறுக்கிறான். ஆயினும் நிகழ்வதைக் கேட்க மட்டும் விரும்புகிறான். ஆகவே சஞ்சயனுக்குத் தெய்வப் பார்வை அருளப்படுகிறது. 'சஞ்சயன்தான் உலகின் முதல் தொலைக்காட்சி' என்று அந்நாளில் நம் வீடுகளில் நகைச்சுவையாகப் பேசிக்கொண்டதுண்டு. நகைப்பில் ஓர் உண்மையும் ஒளிந்திருக்கிறது. அரண்மனையில் அமர்ந்து, தன்மேல் அம்பு படாத தொலைவில், போரைக் கேட்ட முதல் மனிதன் அவனே.

அவன் எப்படிக் கேட்டான் என்பதே நாம் கருத்திற் கொள்ளத்தக்கது. பகவத்கீதை அவனது வினாவோடுதான் தொடங்குகிறது. அவ்வினாவில் தன் மக்களை 'என்னவர்' என்றும், தம்பியின் மக்களைப் 'பாண்டுவின் புதல்வர்' என்றும் அவன் பிரித்துச் சொல்கிறான். தந்தையை இழந்து தன் மடியில் வளர்ந்த ஐவரும் அவனுக்கு 'என்னவர்' ஆகவில்லை. போர் குருட்சேத்திரத்தில் தொடங்குவதற்கு நெடுநாள் முன்னரே அந்த ஒரு சொல்லில் தொடங்கிவிட்டது. சூதாட்டத்தின்போதும் அவன் சபையில் இருந்தான். வென்றாயிற்றா, வென்றாயிற்றா என்று ஆவலோடு கேட்டுக்கொண்டிருந்தான் என்று மூலநூல் சொல்கிறது. காண்பவன் தன் பக்கத்தின் வெற்றியை மட்டுமே கேட்பானாயின் அவன் கண் இருந்தும் திருதராட்டிரனே ஆவான்.

வீடுகளில் எழுந்த வழக்குகள்

தொடர் ஒளிபரப்பான நாள்களில் வீடுதோறும் மூன்று வழக்குகள் எழுந்தன.

முதலாவது பாஞ்சாலியின் வழக்கு. துகிலுரியும் காட்சியைக் கண்ட பெண்கள் அதனைப் பழங்கதையாகக் கொள்ளவில்லை. மானிடவியல் அறிஞர் பூர்ணிமா மங்கேகர் 1990களின் தொடக்கத்தில் தில்லியில் தொலைக்காட்சி பார்த்த குடும்பங்களிடையே ஆய்வு நிகழ்த்தி, 1999இல் நூலாக வெளியிட்டார். அவர் கண்ட நடுத்தரக் குடும்பத்துப் பெண்கள் பலர் அக்காட்சியில் தங்கள் வாழ்வையே கண்டனர். பேருந்திலும் தெருவிலும் பணியிடத்திலும், புகுந்த வீட்டிலும்கூடத் தமக்கு நேரக்கூடிய அவமதிப்பையும், சுற்றி நிற்போரின் மௌனத்தையும் அவர்கள் நினைத்தனர். 'பணயம் வைத்தவன் தன்னையே இழந்தபின் என்னைப் பணயம் வைக்க அவனுக்கு உரிமை ஏது?' என்னும் கருத்தில் பாஞ்சாலி சபையில் எழுப்பிய வினா, அவர்களுக்குச் சட்ட நுணுக்கமாகத் தோன்றவில்லை. வாழ்க்கை வினாவாகவே தோன்றியது.

இரண்டாவது கர்ணனின் வழக்கு. இதில் தமிழ்க் குடும்பங்களின் தீர்ப்பு முன்னரே எழுதப்பட்டுவிட்டது எனலாம். பி. ஆர். பந்துலு இயக்கி, சிவாஜி கணேசன் நடித்த 'கர்ணன்' 1964இல் வெளிவந்தது. புதுப்பிக்கப்பட்டு 2012இல் மீண்டும் திரையிடப்பட்டபோதும் அரங்குகளுக்குக் கூட்டம் வந்தது. 'கர்ண மோட்சம்' கூத்து விடிய விடிய நடந்த ஊர்களிலிருந்து வந்தவர்களும் நம்மிடையே பலர். ஆகவே தொடரில் அர்ச்சுனன் வில்லை வளைத்தபோது, கூடத்தில் அமர்ந்திருந்த பாதிப் பேரின் கண்ணீர் தேர்ச்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டிருந்தவனுக்கே சென்றது. அறம் எந்தப் பக்கம் என்று அறிந்தும், அன்பு மற்றப் பக்கம் செல்லக்கூடும் என்பதனைக் கர்ணன் நமக்குக் கற்பித்தான். அதுவே உறவினர் போரின் இயல்பு. பகைவன் வரிசையில் நிற்பவன் தன் அண்ணன் என்று அர்ச்சுனன் அறிந்ததே அவன் மடிந்த பின்னர்தான்.

மூன்றாவது பீஷ்மரின் வழக்கு. 'அறிவும் ஆற்றலும் உடைய பிதாமகர் ஏன் வாய் திறக்கவில்லை?' என்று சிறுவர் கேட்டனர். சபதத்தைக் கூறினோம், அரியணைக்குக் கட்டுப்பட்டவர் என்றோம், அறம் நுட்பமானது என்று அவரே கூறியதையும் எடுத்துச் சொன்னோம். எந்த விடையும் சிறுவர்க்கு நிறைவு தரவில்லை. அரசுப் பணியில் மேலதிகாரியின் ஆணைக்குக் கட்டுப்பட்டு நாள்களைக் கழிக்கும் நம்போன்றோர்க்கும் அவ்விடைகள் நிறைவு தரவில்லை என்பதை மறைப்பானேன்?

2020 மார்ச்சு இறுதியில் ஊரடங்கால் நாடே வீட்டுக்குள் அடங்கியிருந்தபோது டி.டி. பாரதி அலைவரிசையில் இத்தொடர் மீண்டும் ஒளிபரப்பாயிற்று. அன்று சிறுவராயிருந்தோர் இப்போது பெற்றோராக அமர்ந்து பார்த்தனர். வானில் அம்போடு அம்பு மெல்ல மோதும் காட்சிகளைக் கண்டு புதிய தலைமுறை நகைத்தது. சபைக் காட்சி வந்தபோது நகைப்பு நின்றது. பழைய வினாவே மீண்டும் எழுந்தது.

சங்கப் புலவர் காட்டிய வழி

உறவினர் போரைக் காண்பவன் என் செய்ய வேண்டும்? இவ்வினாவுக்குத் தமிழகத்தின் மிகப் பழைய நூல்களிலேயே விடை கிடைக்கிறது.

புறநானூற்றின் இரண்டாம் பாடல் சேரமான் பெருஞ்சோற்று உதியஞ்சேரலாதனை முரஞ்சியூர் முடிநாகராயர் பாடியது. ஐவரும் நூற்றுவரும் பொருத போரில் சேரன் பெருஞ்சோறு வழங்கினான் என்று அது குறிக்கிறது. இரு படைக்கும் ஒருங்கே உணவளித்தான் என்று உரைகாரர் விளக்குவர். அச்செய்தியை வரலாறாகக் கொள்ளலாமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் பாரதப் போரில் தன் மன்னனுக்கு ஓர் இடம் தேடிய தமிழ் மனம் எவ்விடத்தைத் தேர்ந்தது என்பது ஐயத்துக்கு இடமின்றி விளங்குகிறது. வில்லெடுத்து வென்ற பெருமையை அம்மனம் தேடவில்லை. பசித்தவர் எப்பக்கத்தவர் என்று பாராமல் சோறிட்ட பெருமையையே தேடிற்று.

இரண்டாவது சான்று கோவூர்கிழார். சோழர் குடியிலேயே நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பகைத்தனர். நெடுங்கிள்ளி உறையூர்க் கோட்டையை அடைத்துக்கொண்டு உள்ளிருந்தான். நலங்கிள்ளி வெளியே முற்றுகையிட்டிருந்தான். இருவரையும் நோக்கிப் புலவர் கூறியதன் கருத்து இது: எதிரே நிற்பவன் சேரனும் அல்லன், பாண்டியனும் அல்லன், இருவரும் அணிந்தது ஒரே ஆத்திமாலை. எவர் தோற்பினும் தோற்பது உங்கள் குடியே. இருவரும் வெல்வது இயற்கையிலேயே இல்லை. உங்கள் போரால் மகிழ்பவர் மற்ற வேந்தரே. அரசனை அண்டிப் பரிசில் பெற்று வாழும் புலவர், முற்றுகைக்கு நடுவே நின்று இருவரையும் ஒருங்கே இடித்துரைத்தார் என்பதை எண்ணுந்தோறும் வியப்பே மிகுகிறது. ஆயினும் பகை முற்றிலும் தணியவில்லை போலும். பிற்பட்ட பாடற்குறிப்பு நெடுங்கிள்ளியைக் 'காரியாற்றுத் துஞ்சிய' என்னும் அடைமொழியோடு குறிக்கிறது. காரியாற்றில் நிகழ்ந்த போரில் அவன் மடிந்தான் என்பர் வரலாற்றாசிரியர்.

மூன்றாவது சான்றில் புலவர் சொல் வென்றது. கோப்பெருஞ்சோழன் தன் மக்கள்மேலேயே போருக்கு எழுந்தான். புல்லாற்றூர் எயிற்றியனார் அவனைத் தடுத்தார். இவர்கள் உன் பழம்பகைவர் அல்லர், உன் மக்கள். இவர்களை வென்றால் உனக்குப்பின் நாட்டை எவர்க்கு விட்டுச் செல்வாய்? தோற்றால் உன் பகைவர் அன்றோ மகிழ்வர்? என்று அவர் வினவினார். சோழன் போரைக் கைவிட்டான். பின்னர் வடக்கிருந்து உயிர் நீத்தான். மக்கள்மேல் கொண்ட அளவிறந்த பற்றினால் போரைத் தடுக்காது விட்ட திருதராட்டிரனையும், மக்கள்மேல் கொண்ட சினத்தைப் புலவர் சொற்கேட்டு அடக்கிய சோழனையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். பற்றாயினும் சினமாயினும், ஒரு நல்ல சொல்லுக்குச் செவி கொடுத்தானா இல்லையா என்பதே இருவரையும் பிரிக்கிறது.

மண்டபமும் படுகளமும்

தமிழகத்தில் பாரதம் ஏட்டிலே உறங்கிய நூலன்று. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடுகள், கோயில் மண்டபத்தில் பாரதம் படிப்பதற்கென நிலப்பங்கு ஒதுக்கப்பட்டதைக் கூறுகின்றன. கோயில் விளக்குக்கு எண்ணெய் எவ்வளவு தேவையோ, மக்கள் செவிக்குப் பாரதமும் அவ்வளவு தேவை என்று அரசு கருதியது. பின்னாளில் வில்லிபுத்தூரார் பத்துப் பருவங்களில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களாகப் பாரதத்தை அருளினார். அவர் பதினெட்டாம் நாள் இரவின் படுகொலை கூறும் சௌப்திக பருவத்தோடு நிறுத்திக்கொண்டார். எஞ்சிய பருவங்களையும் சேர்த்து விரித்துப் பாடியவர் பதினெட்டாம் நூற்றாண்டினரான நல்லாப்பிள்ளை.

வடதமிழகத்தில், செஞ்சியைச் சுற்றிய ஊர்களில், இந்நூல்களைப் பகலில் புலவர் படித்துப் பொருள் சொல்ல, இரவில் தெருக்கூத்தாக அதுவே நிகழும். திரௌபதியம்மன் திருவிழாவில் காண்பவனும் ஒரு பாத்திரமே. காப்புக் கட்டி நோன்பிருப்பவன் அவன். இறுதி நாளில் தீமிதிப்பவனும் அவனே. துகிலுரியும் காட்சியில் துச்சாதனன் வேடம் பூண்டவர், பாஞ்சாலி வேடத்தாரை அணுகுமுன் சூடம் ஏற்றி அம்மனிடம் பொறுத்தருள வேண்டுவது பல ஊர்களில் வழக்கம். நடிப்பே ஆயினும் அச்செயலுக்கு மன்னிப்பு வேண்டும் என்பது கூத்தரும் ஊரும் ஒருங்கே கொண்ட கருத்து. தில்லிப் பெண்கள் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து உணர்ந்த அதே நடுக்கத்தைத்தான் கூத்துக்களம் பல தலைமுறைகளாக ஒரு சடங்காகவே போற்றி வந்துள்ளது.

இவையெல்லாவற்றினும் நம் உள்ளத்தைத் தொடுவது படுகளம். பதினெட்டாம் போர் நாளைக் குறிக்கும் காலையில், களிமண்ணாலான துரியோதனன் பேருருவம் திறந்த வெளியில் மல்லாந்து கிடக்கும். வீமன் வேடத்தார் தொடையில் அடிப்பார், செந்நீர் தெறிக்கும், அம்மனின் விரித்த கூந்தல் முடிக்கப்படும். சபதம் நிறைவேறியது. அவ்வளவில் மகிழ்ந்து ஊர் கலைந்து செல்வதில்லை. துரியோதனன் மனைவியின் வேடத்தார் வந்து உருவத்தின் அருகே ஒப்பாரி வைப்பார். சூழ்ந்து நிற்கும் பெண்டிரும் கண்ணீர் விடுவர். அம்மனின் வெற்றியை வேண்டி நோன்பிருந்த அதே ஊர், அம்மனின் பகைவனுக்காகவும் அழுகிறது. இறந்தவன் கொடியவனே, ஆயினும் அவன் ஒருத்திக்குக் கணவன், ஒருத்திக்கு மகன், அடித்தவனுக்கே உடன்பிறப்பு முறை. எழுத்தறியாத உழவரும் இதனை அறிந்திருந்தனர் என்பதே தமிழ்ப் பாரத மரபின் பெருஞ்சிறப்பு.

திரையில் வாராத பகுதி

சோப்ராவின் தொடர் போர் முடிந்து, தருமன் முடிசூடி, அம்புப் படுக்கையில் பீஷ்மர் அறிவுரை கூறி உயிர் துறப்பதோடு நிறைவுற்றது. மூலநூல் அங்கு நிற்பதில்லை. போர்க்களத்தில் பெண்கள் தம் உற்றாரைத் தேடி அழும் ஸ்திரீ பருவத்தில் காந்தாரி கண்ணனுக்குச் சாபமிடுகிறாள். முப்பத்தாறாம் ஆண்டில் அச்சாபம் பலிக்கிறது. மௌசல பருவத்தில் கண்ணனின் யாதவ குலமே மதுமயக்கத்தில் தமக்குள் அடித்துக்கொண்டு அழிகிறது. குருட்சேத்திரத்தில் யார் எப்பக்கம் நின்று யாரை எம்முறையிற் கொன்றார் என்னும் பழைய வசையே அச்சண்டைக்கு முதற்பொறி. ஓர் உறவினர் போர் தன் வயிற்றிலேயே மற்றோர் உறவினர் போரைச் சுமந்திருந்தது. இறுதியில் பாண்டவரும் அரசைத் துறந்து இமயம் நோக்கி நடக்கின்றனர். தருமன் ஒருவன் நீங்கலாக ஏனையோர் வழியிலேயே வீழ்கின்றனர்.

முடிசூட்டு விழாவோடு திரை விழும்போது காண்பவன் 'அறம் வென்றது' என்று நிறைவோடு எழுந்து செல்வான். அறம் வென்றது உண்மையே. அவ்வெற்றிக்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்னும் கணக்கு இப்பருவங்களில்தான் உள்ளது. தொடரைக் கண்ட நம் பிள்ளைகளுக்கு இப்பகுதியைச் சொல்லவேண்டிய பொறுப்பு வீட்டுப் பெரியோர்க்கு உரியது.

சபையில் ஒருவன்

பாரதியார் தம் 'பாஞ்சாலி சபத'த்தின் முதற்பகுதியை 1912இல் வெளியிட்டார். அந்நூலில் அவர் துரியோதனனையும் சகுனியையும் மட்டும் சாடவில்லை. பாஞ்சாலியைத் தெருவழியே இழுத்துச் செல்வதைக் கண்டு, அழுதும் புலம்பியும் நின்றதன்றி வேறொன்றும் செய்யாத ஊர்மக்களையும் வீரமற்றவர் என்று கடிந்துரைக்கிறார். காண்பவனின் கண்ணீர் மட்டும் போதாது என்பது அக்கவிஞரின் தீர்ப்பு.

அச்சபையில் பேசியவர் ஒருவருமே இல்லையா எனின், இருந்தனர். விதுரர் பேசினார். அவரினும் வியப்புக்குரியவன் விகர்ணன். நூற்றுவரில் ஒருவன், துரியோதனனுக்குத் தம்பி, வயதில் இளையவன். பெரியோர் வாய்மூடியிருக்க, பாஞ்சாலி முறைப்படி வெல்லப்பட்டவள் அல்லள் என்று எழுந்து கூறினான். கர்ணன் அவனைச் சிறுவன் என்று இகழ்ந்து அமர்த்தினான். கொடைக்குப் பேர்போன கர்ணன் அன்று நின்ற இடத்தையும், பெயர் மறக்கப்பட்ட விகர்ணன் நின்ற இடத்தையும் நம் பிள்ளைகள் ஒப்பிட்டு அறியவேண்டும். பின்னர் போரில் விகர்ணன் அண்ணன் பக்கமே நின்று, வீமன் கையால் மடிந்தான். கொன்ற வீமனே அவனுக்காக வருந்தினான். தன்னவரை விட்டு ஓடாமலும், தன்னவரின் தவற்றைத் தவறென்று சொல்லாமல் விடாமலும் இருந்தவன் அவன். 'என்னவர்' என்னும் சொல்லைத் திருதராட்டிரன் சொன்ன பொருள் வேறு. விகர்ணன் வாழ்ந்து காட்டிய பொருள் வேறு.

2013இல் தொடங்கிய புதிய மகாபாரதத் தொடர் தமிழ்க் குரலிலும் ஒளிபரப்பாகி, தமிழகத்திலும் வெளி மாநிலங்களிலும் பல வீடுகளில் விரும்பிப் பார்க்கப்பட்டது. இனியும் புதிய பாரதங்கள் வரும். அம்புகள் இன்னும் விரைந்து பறக்கும். அணிமணிகள் இன்னும் ஒளிரும். அவற்றை நம் பிள்ளைகள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ தமிழிலோ காணட்டும். அவர்கள் 'யார் வென்றார்?' என்று கேட்கும்போது, அருகிருந்து வேறு சிலவற்றையும் நாம் சொல்லவேண்டும். இரு படைக்கும் சோறிட்டதாக ஒரு சேரனைப் பாடிய மொழி நம்முடையது; முற்றுகைக்கு நடுவே நின்று இரு சோழரையும் இடித்துரைத்த புலவர் பிறந்த நாடு நம்முடையது; வீழ்ந்த பகைவனுக்கும் ஒப்பாரி வைக்கும் ஊர்கள் நம்முடையவை. உறவு பகையாகும் செய்தி நாள்தோறும் செவியில் விழும் இவ்வுலகில் இம்மூன்றினும் மேலான முதுசொம் எதனை நாம் அவர்களுக்குத் தரப்போகிறோம்? கூடத்தில் அமர்ந்து காணும் ஒவ்வொருவரும் அச்சபையில் ஒருவரே என்னும் உணர்வோடு காண்போமாக.